தோத்தவனுக்கு எதுக்குய்யா காசு?

ரொம்ப நாளா இந்தப் பக்கம் வரவே முடியல மக்களே. ஆணி அதிகம். தீசிஸ் எழுதறேன்னு லேப்டாப்பைத் திறந்து வச்சுட்டு, ஜன்னல் வழியா டிராம் எத்தனை போகுதுன்னு எண்ணிக்கிட்டு இருந்தா நாள் எப்படிப் போகும்? இப்படித்தான் போகும் :-) ஆனா கொஞ்ச நாளா ஒரு விஷயம் மனசுல உறுத்திக்கிட்டே இருக்கு. இறக்கி வச்சாத்தான் தூக்கம் வரும் போல. கொஞ்சம் நீளமான பதிவு. டீ போட்டு எடுத்துக்கிட்டு வந்து உக்காருங்க.

நான் இருக்கிற ஊர் மாக்டபுர்க். கிழக்கு ஜெர்மனி, எல்பே ஆத்தங்கரை. இந்த ஊர்க்காரங்களுக்கு ஹேண்ட்பால்னா உயிர். அதுக்கு அடுத்தபடியா குத்துச்சண்டை. மாசக் கடைசியில கையைக் கடிக்கும்போது நான் போற வேலைகள்ல ஒண்ணு, நிகழ்ச்சிகளுக்கு மேடை கட்டற வேலை. லாரியில பலகை, கம்பம், கயிறு, நாற்காலி எல்லாம் வரும். மத்தியானம் இறக்கிக் கட்டணும். ராத்திரி எல்லாம் முடிஞ்சதும் பிரிச்சு மறுபடி ஏத்தணும். சட்டப்படியான குறைஞ்சபட்சக் கூலி. 2025ல மணிக்கு 12.82 யூரோவா இருந்தது, 2026 ஜனவரியில 13.90 ஆச்சு. இந்த வேலைக்கு ஜெர்மன்ல 'ஆஃப்பாவ்ஹெல்ஃபர்'னு பேரு. ஆஃப்பாவ்னா கட்டி எழுப்பறது, ஹெல்ஃபர்னா உதவியாள். இந்த வார்த்தையை ஞாபகம் வச்சுக்கங்க, பின்னாடி வேணும்.

அப்படி ஒரு சனிக்கிழமை, பக்கத்து ஊர்ல ஒரு சின்ன மண்டபத்துல குத்துச்சண்டை ராத்திரி. முதல்ல நடந்த சண்டைகள்ல ஒண்ணு. ஒரு பக்கம் உள்ளூர்ப் பையன், இருபத்திரெண்டு வயசு இருக்கும், அதுவரைக்கும் தோத்ததே இல்லை. சொந்தக்காரங்க, கூடப் படிச்சவங்கன்னு கூட்டத்துல பாதி அவனோட ஆளுங்க. எதிர்ப்பக்கம் வேற நாட்டுலேர்ந்து வேன்ல வந்த ஒரு மனுஷன். முப்பத்தஞ்சுக்கு மேல இருக்கும். நாலு ரவுண்டு. பையன் துள்ளித் துள்ளி அடிச்சான். இவர் கையை உசத்தி முகத்தை மூடிக்கிட்டு, நகர்ந்து நகர்ந்து, அப்பப்ப ஒண்ணு ரெண்டு திருப்பிக் குடுத்துட்டு, கடைசி மணி அடிக்கிற வரைக்கும் நின்னாரு. நாலு ரவுண்டும் பையனுக்கே. கைதட்டல், விசில், பீர்.

கொஞ்ச நேரம் கழிச்சு ஐஸ் மூட்டையை எடுத்துக்கிட்டு உள்ளே போகச் சொன்னாங்க. போனா அந்த மனுஷன் தனியா ஒரு பெஞ்சில உக்காந்து கைக்கட்டை அவிழ்த்துக்கிட்டு இருந்தாரு. எனக்கும் ஓட்டை ஜெர்மன், அவருக்கும் ஓட்டை ஜெர்மன். அதனால நல்லாவே புரிஞ்சுது :-) "வலிக்குதா?"ன்னு கேட்டேன். புருவத்துல ஐஸை வச்சுக்கிட்டு, "வலி பரவாயில்லை தம்பி. கண்ணு வீங்கக்கூடாது. திங்கக்கிழமை பெயிண்ட் அடிக்கப் போகணும், ஏணி ஏறணும்"னாரு. எவ்வளவு குடுத்தாங்கன்னு நான் கேக்கல. அவரும் சொல்லல.

திரும்பி வந்தப்போ கூட வேலை பாக்கிற ஜெர்மன்காரர் சர்வ சாதாரணமா, "ஐஸ் யாருக்கு, ஃபால்ஓப்ஸ்டுக்கா?"ன்னு கேட்டாரு. ஃபால்ஓப்ஸ்ட்னா மரத்துலேர்ந்து தானா உதிர்ந்து தரையில கிடக்கிற பழம். குனிஞ்சு எடுத்துக்க வேண்டியதுதான், ஏறிப் பறிக்க வேண்டியதில்ல. தோக்கறதுக்காகவே கூப்பிட்டு வர்ற ஆளுங்களுக்கு இங்க அதுதான் பேச்சுவழக்குப் பேரு. கொஞ்சம் மரியாதையா சொல்லணும்னா 'ஆஃப்பாவ்கேக்னர்'. கட்டி எழுப்பறதுக்கான எதிராளி. நான் மேடையைக் கட்டறேன், அவரு அந்தப் பையனோட பேரைக் கட்டறாரு. ரெண்டு பேரும் ஆஃப்பாவ் கோஷ்டி!

சரி, மேட்டருக்கு வருவோம்.

மறுநாள் வீட்டுச் சமையலறையில இந்தக் கதையை அவுத்து விட்டேன். நாலு பேர் சேர்ந்து தங்கியிருக்கிற வீடு. அதுல ஒருத்தன் யூஎஃப்சி பைத்தியம். அவன் உடனே ஆரம்பிச்சுட்டான். "நீ உன் பெயிண்டரைப் பத்திக் கவலைப்படறே. அங்க தோத்துப் போன ஸ்டாருக்கு, ஜெயிச்சப்போ குடுத்ததை விட அதிகமாக் குடுக்கறாங்க. இது என்ன நியாயம்? விளையாட்டுன்னா ஜெயிச்சவனுக்குத்தானே காசு?"

அவன் எடுத்து விட்ட உதாரணம் ரோண்டா ரௌசி. 2015 நவம்பர்ல மெல்போர்ன்ல ஹோலி ஹோம் கிட்ட உதை வாங்கி விழுந்து பட்டத்தை இழந்தாங்க. ஒரு வருஷத்துக்கு மேல கூண்டுப் பக்கமே வரல. 2016 டிசம்பர் 30, லாஸ் வேகாஸ்ல அமாண்டா நூனிஸ் கூட திரும்பி வந்தாங்க. 48 விநாடி. அவ்வளவுதான், நடுவர் நடுவுல புகுந்துட்டாரு. அந்த ராத்திரிக்கு நெவாடா ஆணையம் வெளியிட்ட சம்பளக் கணக்குல ரௌசிக்கு 30 லட்சம் டாலர். ஜெயிச்ச நூனிஸுக்கு 2 லட்சம் டாலர். இதுல நூனிஸ்தான் சாம்பியன்! பதினஞ்சு மடங்கு வித்தியாசம். விநாடிக் கணக்குல போட்டுப் பாத்தா, அடி வாங்கினதுக்கு விநாடிக்கு 62,500 டாலர்.

கேக்கும்போது எனக்கும் முதல்ல ரத்தம் கொதிச்சுது. ஏன்னா நான் வளர்ந்த ஊர்ல தோல்விக்கு வேற கணக்கு. கரூர் மாவட்டம், அரவக்குறிச்சி பக்கம். பொங்கல் வந்தா பூலாம்வலசு சேவல்கட்டுதான் பேச்சு. எங்க அப்புச்சி சின்ன வயசுல சேவல் வளர்த்தவர். அங்க சட்டம் ஒரே வரி: தோத்த சேவல் கோச்சை. கோச்சை ஜெயிச்ச சேவக்காரனுக்குச் சொந்தம். அன்னிக்கு ராத்திரி அவன் வீட்டுக் குழம்புல அது கொதிக்கும். தோத்தவனுக்குக் காசு இல்ல, சேவல் இல்ல, வெறுங்கையோட பஸ் ஏறணும். நம்ம மண்டைக்குள்ள போட்டின்னா இந்தக் கணக்குதான் உக்காந்திருக்கு. பள்ளிக்கூடத்துல மார்க் போடறதும் இதே கணக்குதான். முதல் பரிசு, ரெண்டாம் பரிசு, மத்தவங்க கைதட்டுங்க.

ஆனா யோசிச்சுப் பாத்தா தொழில்முறைக் குத்துச்சண்டைக்கு இந்தக் கணக்கு பொருந்தவே இல்ல. ஓட்டப்பந்தயத்துல பரிசை முன்கூட்டியே அறிவிச்சு வச்சுட்டு, முதல்ல வர்றவன் கையில குடுப்பாங்க. குத்துச்சண்டையில அப்படி இல்ல. மணி அடிக்கிறதுக்கு முன்னாடியே ரெண்டு பேரோட தொகையும் பேசி முடிஞ்சு கையெழுத்தாகி இருக்கும். அது பரிசு இல்ல, வசூல்ல பங்கு. டிக்கெட்டு, டி.வி. உரிமை, விளம்பரம் எல்லாம் சேர்ந்து வர்ற பணத்துல, யாருக்காக ஜனங்க வர்றாங்களோ அவங்களுக்குப் பெரிய பங்கு. ஜனங்க எப்பவுமே ஜெயிச்சவனைப் பாக்கத்தான் வருவாங்கன்னு யாரு சொன்னது?

இதுக்கு ஜெர்மனியிலயே பிரமாதமான உதாரணம் ஒண்ணு இருக்கு. ஆக்செல் ஷுல்ட்ஸ். இங்க நாப்பது வயசைத் தாண்டின யாரைக் கேட்டாலும் தெரியும். பழைய கிழக்கு ஜெர்மனியில 1968ல பிறந்தவர். ஹென்றி மாஸ்கே இருந்த அதே ஃபிராங்ஃபுர்ட் ஓடர் கூடாரம், அதே பயிற்சியாளர் மன்ஃப்ரெட் வோல்கே. (நம்ம ஆளுங்க விமானம் ஏறி வந்து இறங்கற ஃபிராங்ஃபுர்ட் இல்ல, இது போலந்து எல்லையில இருக்கிற சின்ன ஊர்.) சுவர் விழுந்தப்புறம் தொழில்முறைக்கு வந்தவர்.

1995 ஏப்ரல் 22, லாஸ் வேகாஸ். ஐ.பி.எஃப். ஹெவிவெயிட் சாம்பியன் ஜார்ஜ் ஃபோர்மன், 46 வயசு. அதுக்கு முந்தின நவம்பர்லதான் மைக்கேல் மூரரை வீழ்த்தி, உலகத்திலேயே வயசான ஹெவிவெயிட் சாம்பியன்னு பேரு வாங்கியிருந்தாரு. ஷுல்ட்ஸ் வெளியூர்ல பேரு தெரியாத ஆள். சும்மா ஊதித் தள்ளிடுவாருன்னு நினைச்ச கூட்டத்துக்கு அதிர்ச்சி. பன்னிரண்டு ரவுண்டும் ஷுல்ட்ஸ் நின்னாரு. கடைசியில ஃபோர்மன் முகம்தான் வீங்கிக் கிடந்தது. ஆனா தீர்ப்பு? ஒரு நடுவர் 114-114ன்னு சமமாப் போட்டாரு. மத்த ரெண்டு பேர் 115-113ன்னு ஃபோர்மனுக்குப் போட்டாங்க. ஷுல்ட்ஸ் தோத்துட்டாரு. மறுபடி மோதச் சொன்னப்போ ஃபோர்மன், "ஆளை விடுங்க சாமி"ன்னு ஐ.பி.எஃப். பட்டத்தையே விட்டுட்டாரு.

கணக்குப்படி பாத்தா ஷுல்ட்ஸ் கோச்சை. ஆனா நடந்தது என்ன? காலியான அதே பட்டத்துக்கு 1995 டிசம்பர் 9ல ஷ்டுட்கார்ட்ல தென்னாப்பிரிக்காவின் ஃபிரான்ஸ் போத்தாவோட சண்டை. ஆர்.டி.எல். டி.வி.யில 1 கோடியே 80 லட்சம் பேர் பாத்தாங்க. அப்போ ஜெர்மனி ஜனத்தொகை எட்டு கோடி சொச்சம். அஞ்சுல ஒருத்தருக்கு மேல அந்த ராத்திரி டி.வி. முன்னாடி! மறுபடியும் புள்ளிக் கணக்குல தோல்வி. கோபத்துல கூட்டம் கையில கிடைச்சதை எல்லாம் மேடையில வீசுச்சு. அப்புறம் போத்தா ஊக்கமருந்துல மாட்டி, பட்டம் பறிபோய், அந்தச் சண்டை முடிவே இல்லாததுன்னு ஆயிடுச்சு. அடுத்தது 1996 ஜூன் 22, டார்ட்முண்ட் கால்பந்து மைதானம், எதிராளி மைக்கேல் மூரர். அதுலயும் புள்ளிக் கணக்குல தோல்வி.

பதினாலு மாசத்துல மூணு உலகப் பட்டச் சண்டை, மேடையில அறிவிச்ச மூணு தீர்ப்பும் பாதகம். ஆனா மேடை மட்டும் ஒவ்வொரு தடவையும் பெருசாகிக்கிட்டே போச்சு. முதல்ல அமெரிக்க ஓட்டல் அரங்கம், அப்புறம் நாடே பாக்கிற டி.வி., அதுக்கப்புறம் கால்பந்து மைதானம். அவர் கடைசி வரைக்கும் உலகச் சாம்பியன் ஆகவே இல்ல. ஆனா விளம்பரம், டி.வி., தலையில எப்பவும் ஒரு சமையல் சாமான் கம்பெனித் தொப்பின்னு இன்னிக்கும் எல்லாருக்கும் தெரிஞ்ச முகம். 2025 மார்ச்சில இறந்துபோன ஃபோர்மன் கிரில் அடுப்பு வித்துப் பணக்காரர் ஆனாரு. அவர்கிட்ட தோத்த ஷுல்ட்ஸும் இங்க கிரில் சாஸ் விக்கிறாரு. என்ன பொருத்தம் பாருங்க :-)

தோல்வி ஏன் அவரு மதிப்பை ஏத்துச்சு? என் வீட்டுல இருக்கிற இன்னொரு பையன் பிராண்டன்புர்க் பக்கத்துக்காரன். அவன் சொன்ன ஒரு வரிதான் எனக்குப் புரிய வச்சுது. "எங்க அப்பா அந்த ஃபோர்மன் தீர்ப்பைத் தனக்கே நடந்த அநியாயமா எடுத்துக்கிட்டாருடா." புரியுதா? ஜெயிச்சா கதை முடிஞ்சுடும். அநியாயமா தோத்தா கதை பாக்கி இருக்கும். அந்த பாக்கியைத் தீர்க்கத்தான் ஜனங்க அடுத்த டிக்கெட்டை வாங்கறாங்க. கிழக்கு ஜெர்மனி ஆளுங்களுக்கு அந்த வருஷங்கள்ல, ஃபேக்டரி மூடி வேலை போன வருஷங்கள்ல, நல்லா சண்டை போட்டும் புள்ளிக் கணக்குல தோக்கிற ஒருத்தரை ஏன் பிடிச்சுதுன்னு தனியா விளக்க வேண்டியதில்ல.

இதையே கொஞ்சம் நம்ம ஊருக்கு இழுத்துப் பாருங்க. 2002ல 'பாபா' ஓடல. ரஜினி விநியோகஸ்தர்களுக்குப் பணம் திருப்பிக் குடுத்தாரு. சரி, இதோட ரஜினி மார்க்கெட் காலின்னு எத்தனை பேர் எழுதினாங்க? 2005ல 'சந்திரமுகி' வந்தப்போ என்ன ஆச்சு, 2007ல 'சிவாஜி' வந்தப்போ என்ன ஆச்சுன்னு உங்களுக்கு நான் சொல்லணுமா? தோல்விக்கு அப்புறம் கூட்டம் குறையல, கூடுச்சு. கூட்டம் கூடினா கூலியும் கூடும். இதுல நியாயம் அநியாயம்னு ஒண்ணும் இல்ல. அவருக்காகத்தானே அம்புட்டு பேரும் வந்தாங்க?

அதனால "தோத்த ஸ்டாருக்குப் பெரிய தொகை குடுக்கலாமா?"ன்னு கேட்டா என் பதில்: தாராளமா குடுக்கலாம். அவங்க கூட்டின கூட்டம், அவங்க பங்கு. ரௌசிக்கு 30 லட்சம் குடுத்ததுல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல.

இருங்க, கல்லைக் கீழ போடுங்க. எதிர்வாதம் ரெண்டு இருக்கு, ரெண்டுமே கனமானது.

முதல் எதிர்வாதம்: இந்தப் பெரிய தொகைதான் முடிஞ்சு போன உடம்பை மறுபடி மேடைக்கு இழுக்குது. இது நூத்துக்கு நூறு உண்மை. 1980 ஜனவரியில முகமது அலி மெட்ராஸ் வந்தாரு, நேரு ஸ்டேடியத்துல காட்சிப் போட்டி போட்டாரு. முதல்வர் எம்.ஜி.ஆரோட அவர் நிக்கிற படத்தை நிறைய பேர் பாத்திருப்பீங்க. அதே வருஷம் அக்டோபர் 2ஆம் தேதி லாஸ் வேகாஸ்ல லாரி ஹோம்ஸோட மோதினாரு. வயசு 38, கடைசியா சண்டை போட்டு ரெண்டு வருஷம் ஆயிடுச்சு. ஹோம்ஸ்தான் சாம்பியன், ஆனா பெரிய தொகை அலிக்கு. 80 லட்சம் டாலர்னு ஒப்பந்தம். பத்து ரவுண்டு வாங்கின அடியைப் பாத்து அடிச்சவரே கண்கலங்கினாரு. அப்படி ஒரு தோல்விக்கு அப்புறமும் விட்டாங்களா? 1981 டிசம்பர்ல பஹாமாஸ் தீவுக்குக் கூட்டிட்டுப் போய் ட்ரெவர் பெர்பிக்கோட இன்னொரு சண்டை. அதுவும் தோல்வி. 1984ல பார்க்கின்சன் நோய் அறிகுறின்னு செய்தி வந்துச்சு. நம்ம ஷுல்ட்ஸும் 1999ல கொலோன்ல விளாடிமிர் கிளிச்கோகிட்ட எட்டாவது ரவுண்டுல நின்னு போனவர், ஏழு வருஷம் கழிச்சு 2006 நவம்பர்ல 38 வயசுல திரும்பி வந்து பிரையன் மிண்டோகிட்ட ஆறாவது ரவுண்டுல அடங்கினாரு.

ஆனா இதுக்குத் தீர்வு சம்பளத்தைக் குறைக்கிறது இல்லன்னுதான் நான் நினைக்கிறேன். டாக்டர் 'வேணாம்'னு சொன்னா, அந்த வார்த்தைக்கு மேல எந்த டி.வி.காரனும் பேசக்கூடாது. உடம்பு தாங்காதவருக்கு 80 லட்சத்துக்குப் பதிலா 8 லட்சம் குடுத்தா மட்டும் அடி வலிக்காமலா போயிடும்? குறைச்ச காசுக்கு அதே அடி வாங்குவாரு. அவ்வளவுதான் வித்தியாசம்.

ரெண்டாவது எதிர்வாதம்தான் என்னைத் தூங்க விடாதது. ஜெயிச்ச நூனிஸோட கணக்கு. அந்த 2 லட்சத்தைக் கொஞ்சம் பிரிச்சுப் பாருங்க. அதுல 1 லட்சம் கூண்டுக்குள்ள ஏறினதுக்கு. மீதி 1 லட்சம் ஜெயிச்சதுக்கு. யூஎஃப்சியில பெரும்பாலான ஆளுங்களோட ஒப்பந்தம் இப்படித்தான் இருந்து வந்திருக்கு. மேடை ஏறினா பாதி, ஜெயிச்சா மீதிப் பாதி. அதாவது சாம்பியனா உள்ளே போன நூனிஸ் அன்னிக்குத் தோத்திருந்தா சம்பளத்துல பாதி போயிருக்கும். ரௌசிக்கோ ஜெயிச்சாலும் தோத்தாலும் அந்த 30 லட்சம் அப்படியே.

இதைக் கவனிச்சப்போதான் நாங்க சமையலறையில கேட்டுக்கிட்டு இருந்த கேள்வியே தப்புன்னு தோணுச்சு. ஸ்டாருக்குத் தோல்வி காசைப் பாதிக்காது. ஏன்னா அவர் சம்பளம் ஆட்டத்துக்கு, முடிவுக்கு இல்லன்னு ஒத்துக்கறோம். சரியான நியாயம். அதே நியாயம் பேரு தெரியாதவனுக்கு மட்டும் ஏன் மாறுது? அவனும் அதே மாதிரி பல மாசம் பயிற்சி எடுத்தான், பட்டினி கிடந்து எடையைக் குறைச்சான், அதே கூண்டுல அதே அடி வாங்கினான். அவன் தோத்தா மட்டும் பாதியைப் பிடிச்சுக்கறதுன்னா, கோச்சைச் சட்டம் ஏழைக்கு மட்டும்தான்னு ஆகுதே!

யூஎஃப்சி வீரர்கள் போட்ட வழக்குல வெளியான ஆவணங்களைப் பாத்தா, மொத்த வருமானத்துல வீரர்கள் எல்லாருக்கும் சேர்த்துப் போனது அஞ்சுல ஒரு பங்கு அளவுதான். அமெரிக்காவின் பெரிய கூடைப்பந்து, கால்பந்து லீக்குகள்ல வீரர்களுக்குப் பாதிக்குப் பக்கமாப் போகுது. அந்த வழக்குல 37.5 கோடி டாலர் குடுத்து சமரசம் பண்ணிக்க 2025 பிப்ரவரியில நீதிமன்றம் இறுதி ஒப்புதல் குடுத்துச்சு. ஆக நூனிஸோட காசை ரௌசி தின்னுட்டாங்கன்னு சொல்றது தப்பு. அந்த ராத்திரி மேடையில இருந்த ரெண்டு பேர் சம்பளத்தையும் நாம ஒப்பிட்டுப் பாத்துக்கிட்டு இருக்கோம். மேடைக்கு வெளிய இருந்தவங்க பங்கை யாரும் பாக்கறதில்ல. முதலாளி எப்பவும் விரும்பறது இதைத்தான்.

இப்ப என் பெயிண்டர் கிட்ட திரும்ப வர்றேன். குத்துச்சண்டை அடிமட்டத்துல கணக்கு எப்படின்னு கூட வேலை பாக்கிறவங்க சொல்லித் தெரிஞ்சுக்கிட்டேன். உள்ளூர்ப் பையனுக்காகத்தான் டிக்கெட் விக்குது. பல இடத்துல அவனே நண்பர்கள்கிட்ட டிக்கெட் வித்துக் குடுக்கணும். அதனால அவன் ஜெயிச்சாகணும். எதிராளிக்குப் பேசின தொகை, கைமேல காசு. அவர் தோத்தாலும் அது கிடைக்கும். கேக்க நல்லாத்தானே இருக்கு? ஆனா இங்க வேற ஒரு கண்ணி இருக்கு. அவர் ஜெயிச்சுட்டா அடுத்த தடவை போன் வராது. உள்ளூர்ப் பையனோட கணக்கைக் கெடுக்கிறவனை எந்த ஏற்பாட்டாளர் கூப்பிடுவாரு? சரி, ஒரேயடியா நாக் அவுட் ஆகி விழலாமான்னா அதுவும் முடியாது. விழுந்தா சில வாரம் கட்டாய ஓய்வு, அந்த நாளுக்கெல்லாம் வருமானம் இல்ல. ஆக ஜெயிக்கவும் கூடாது, விழவும் கூடாது. நின்னுக்கிட்டே தோக்கணும். சொல்லுங்க, இது திறமை இல்லையா?

இங்கிலாந்துல பீட்டர் பக்லின்னு ஒருத்தர். பர்மிங்ஹாம்காரர். 300 சண்டை போட்டு 2008ல ஓய்வு பெற்றாரு. அதுல 256 தோல்வி! கடைசிச் சண்டையில மட்டும் ஜெயிச்சுட்டு மேடையை விட்டு இறங்கினாரு. அவரை வெறும் தோல்விக் கணக்கா பாக்கறவங்களுக்கு அது சிரிப்பு. ஆனா பின்னாடி பெரிய சாம்பியன் ஆன பசங்கள்ல பலர் ஆரம்பத்துல அவர்கிட்டதான் ரவுண்டு கத்துக்கிட்டாங்க. வாத்தியாருக்கு ஏன் 256 தடவை 'தோல்வி'ன்னு எழுதினாங்கன்னு எனக்குப் புரியல.

அன்னிக்கு அந்த உள்ளூர்ப் பையன் உடம்புல கீறல் இல்லாம, நாலு ரவுண்டு அனுபவத்தோட வீட்டுக்குப் போனான்னா, அதுல பாதிக் காரணம் எதிர்ல இருந்தவர். அவருக்கு எங்கயும் பேரு இல்ல. சுவரொட்டியில பையன் படம் பெருசா இருந்துச்சு. இவர் பேரு இருக்க வேண்டிய இடத்துல 'எதிராளி'ன்னு கூட இல்ல, வெறும் புள்ளி புள்ளி புள்ளி.

என் வாதம் இவ்வளவுதான். தோத்த ஸ்டாருக்கு அதிகமா குடுக்கறாங்களேன்னு வயிறு எரியறதை விட்டுடுவோம். அவருக்குக் கிடைக்கிற அந்த ஒரே ஒரு உரிமை, அதாவது தோத்தாலும் கூலி குறையாதுங்கற உரிமை, மேடை ஏறுற எல்லாருக்கும் வேணும்னு கேப்போம். கூட்டம் கூட்டறவருக்குக் கூட்டத்துக்கு ஏத்த பங்கு. மத்த எல்லாருக்கும் மரியாதையா வாழற அளவுக்கு ஒரு குறைஞ்சபட்சத் தொகை, முடிவு எதுவா இருந்தாலும். ஜெயிச்சா மேல போட்டுக் குடுங்க, வேணாம்னு யாரும் சொல்லல. தோத்தா பாதியைப் பிடிக்காதீங்க.

இது பெரிய புரட்சி ஒண்ணும் இல்ல. அன்னிக்கு ராத்திரி அந்த மண்டபத்துல எனக்குக் கிடைச்சது இதுதானே? நான் கட்டின மேடையில யாரு ஜெயிச்சாங்க, சண்டை எத்தனை ரவுண்டுல முடிஞ்சுது, கூட்டம் வந்துச்சா வரலையான்னு யாரும் என் கூலியில கணக்குப் பாக்கல. ராத்திரி ஒண்ணரைக்கு லாரி ஏத்தி முடிச்சப்போ எத்தனை மணி நேரம் வேலை பாத்தேனோ அத்தனைக்கும் சட்டம் சொன்ன கூலி. மேடையைக் கட்டினவனுக்கு இருக்கிற பாதுகாப்பு, அந்த மேடைக்கு மேல ஏறி முகத்தைக் குடுத்தவருக்கு இல்ல. ரெண்டு பேரும் ஆஃப்பாவ்தான்னு அன்னிக்குச் சிரிச்சேன். இப்ப அந்தச் சிரிப்பு வரல.

ஞாயித்துக்கிழமை அப்புச்சிகிட்ட போன்ல இதைச் சொன்னேன். முழுசாக் கேட்டுட்டு, "ஏஞ்சாமி, சேவலுன்னா கோச்சைன்னு கொழம்புல போட்டுரலாம். மனுசன் திங்கக்கெழமை வேலைக்குப் போவோணுமல்லொ?"ன்னு கேட்டாரு. நான் இத்தனை நேரம் ஜல்லியடிச்சதை அவரு ஒரே வரியில முடிச்சுட்டாரு.

டிஸ்கி 1: யூஎஃப்சி பைத்தியம் இன்னும் ஒத்துக்கல. "ஜெயிச்சா பாதிங்கற பயம் இல்லாட்டி எவன் சண்டை போடுவான்?"னு கேக்கறான். உங்க பதிலைப் பின்னூட்டத்துல போடுங்க, மொழிபெயர்த்து அவன் தலையில கட்டறேன்.

டிஸ்கி 2: தீசிஸ் எந்த அளவுல இருக்குன்னு மட்டும் யாரும் கேக்காதீங்க. நானும் நின்னுக்கிட்டேதான் தோத்துக்கிட்டு இருக்கேன் :-)